ஓர் ஆவிக்கு இரண்டு உரிமைக்காரர்

பிரபாலினி சப்பாத்தைக் கழற்றாமலே உள்ளே வந்தாள். பற்றிமா அதைப் பார்த்தார். ஜெர்மனியில், ஒஃபன்பாக்கில் அன்று காலையிலிருந்து மழை. வாசலிலிருந்து வந்தவளின் காலடிவரை நீர்த்தடம் நீண்டு கிடந்தது.

“ஏர்போட்டிலை தொலைஞ்ச சாமான் பாக்கிற அக்கா நீங்கள்தானே?”

“ஓம். இருங்கோ.”

“இருக்க வரேல்லை. என்ரை கதையை ஒருத்தி தன்ரை எண்டு சொல்லுறாள். மீட்டுத் தர ஏலுமோ, ஏலாதோ? ஏலாதெண்டால் இப்பவே போறன்.”

சோபாவில் சாய்ந்திருந்த கொட்வின் நிமிர்ந்து உட்கார்ந்தான். பற்றிமாவின் தம்பி, டாக்சி ஓட்டுகிறவன். வண்டிக்குள் எப்போதும் ஒரு துப்பறியும் நாவல் கிடக்கும். முப்பது வருடமாக வாசிக்கிறான், கொலைகாரனை ஒருமுறைகூடச் சரியாகச் சொன்னதில்லை.

பற்றிமா இருபத்திரண்டு வருடமாகப் பிராங்பேர்ட் விமான நிலையத்தில், தொலைந்த பொருட்களைத் திருப்பிக் கொடுக்கும் அலுவலகத்தில் இருக்கிறார். ஒரு பைக்கு இரண்டு பேர் உரிமை கோரி வருவது அங்கே புதிதல்ல. அந்தப் பழக்கத்தைக் கேள்விப்பட்டுச் சனங்கள் வீட்டுக்கும் வழக்கோடு வரத் தொடங்கியிருந்தார்கள்.

பிரபாலினி நின்றபடியே சொன்னாள். வேலை பேக்கரியில். இரண்டு வருடமாக ஒரு நாவல் எழுதினாள். பயமுறுத்தாத ஓர் ஆவி, இரத்தம் சிந்தாத ஒரு கொலை, பாண் விற்றுக்கொண்டே துப்புத் துலக்கும் ஒரு சாதாரணப் பெண். சென்னையில் ஒரு பதிப்பகம் அதை அச்சுக்கு எடுத்திருந்தது. அதற்கு முன் எழுத்துப் பிழை பார்க்க, வாசகர் வட்டத் தலைவர் விமலநாதனிடம் கொடுத்தாள். பத்தாம் நாள் அவருடைய மனைவி கமலநாயகி ஒரு கொப்பியைத் தூக்கிக் காட்டினார். அதே கதை, கமலநாயகியின் கையெழுத்தில், 2016ஆம் ஆண்டுத் திகதிகளோடு.

“வட்டத்தின்ரை வாட்ஸ்அப்பிலை ‘கள்ளி’ எண்டு போட்டிருக்கினம். பாண் வாங்க வாற தமிழ்ச்சனம் என்ரை முகத்தைப் பாக்காமல் மிச்சக் காசை எடுக்குது. செவ்வாய்க்கிழமைக்குள்ளை தீராட்டில் புத்தகம் இல்லை எண்டு சென்னையிலிருந்து எழுதிட்டினம். இனி நான் என்ன எழுதினாலும் களவெண்டுதான் சொல்லுவினம்.”

“கமலநாயகியை முன்னம் தெரியுமோ?”

“பதினொரு வருஷம் ஒரே பேக்கரியிலை வேலை. போன வருஷம் என்னைக் கடைக்குப் பொறுப்பாப் போட்டினம். அவவுக்கு அது பிடிக்கேல்லை. இந்த வருஷம் தையிலை விட்டிட்டுப் போனா.”

“பிறகும் புருஷனிட்டைக் கதையைக் குடுத்தனீங்கள்?”

“அவர் வேறை, அவ வேறை எண்டு நினைச்சன். என்ரை விசர்ப் புத்தி.”

கொட்வினுக்குப் பொறுமை இல்லை. “அந்த ஆவி என்ன செய்யும்?”

“செத்துப்போன தபால்காரன். வாய் பேச ஏலாது. அவள் கேள்வி கேப்பாள். மேசையிலை இருக்கிற தண்ணிப் போத்திலின்ரை கழுத்திலை மூடி தொங்கும். அது தன்ரைபாட்டிலை ஆடும். ஒருக்கா ஆடினால் ஓம், ரெண்டுதரம் ஆடினால் இல்லை. கொலைகாரனை அப்பிடித்தான் பிடிப்பாள்.”

“சோக்கான யோசனை! எப்பிடி வந்தது?”

“தனிய இருந்து யோசிச்சன்.” பதில் வேகமாக வந்தது. “ஆரும் சொல்லித் தரேல்லை.”

பற்றிமா அவளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாளைக்கு அவை ரெண்டு பேரையும் போய்ப் பாக்கிறன்” என்றார் கடைசியில்.

*

ஞாயிறு காலை பத்து மணிக்குப் பற்றிமாவும் கொட்வினும் எஸ்-பான் ரயிலில் ஹானாவ் போய் இறங்கினார்கள். விமலநாதன் கதவைப் பாதிதான் திறந்தார்.

“விசாரணையோ? ஜெர்மன்காரன்ரை பொலிஸ் எல்லாம் செத்துப் போச்சோ?”

“கொப்பியை ஒருக்காப் பாக்கவேணும், அண்ணை.”

“பாருங்கோ. பாத்திட்டுப் போய் அந்தக் கள்ளியிட்டைச் சொல்லுங்கோ.”

கொப்பி மேசைக்கு வந்தது. பள்ளிப் பிள்ளைகள் கணக்குக்குப் பாவிக்கும் கட்டம் போட்ட வகை; சுவரில் இவர்களின் பிள்ளை பள்ளிப் பையோடு நிற்கும் பழைய படம் இருந்தது. பின்னட்டையில் 2016ஆம் ஆண்டு நாட்காட்டி அச்சாகியிருந்தது. ஓரங்கள் மஞ்சளேறியிருந்தன. முன்பக்கம் ஏழெட்டுத் தாள்கள் வெட்டியெடுத்த அடையாளம். அதன்பிறகு முதல் அத்தியாயம்: 14.3.2016. கடைசி அத்தியாயம்: 2.6.2016. பற்றிமா ஒவ்வொரு பக்கமாக வாசித்துப் புரட்டினார். விமலநாதன் எதிரே கைகட்டி நின்றார்.

“பழசு எண்டு கண்ணுக்குத் தெரியுதுதானே? அவள் தந்த கதையை எட்டாம் நாள்தான் திறந்து ரெண்டு பக்கம் வாசிச்சன், கமலி பின்னாலை வந்து நிண்டு, ‘இது என்ரை’ எண்டு அழுதுட்டா. ரெண்டு நாளாலை அலுமாரியெல்லாம் தேடி இதை எடுத்துக் காட்டினா.”

கமலநாயகி மேசையின் மறுமுனையில் இருந்தார். முன்னால் ஒரு தண்ணீர்ப் போத்தல் திறந்தபடி இருந்தது. வந்தவர்களுக்கு ஒரு வாய் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை.

“பிரபாலினி இப்ப உங்களோட கதைக்கிறவவோ?” என்று பற்றிமா கேட்டார்.

கமலநாயகி வாய் திறக்கவில்லை. போத்தல் கழுத்தில் தொங்கிய மூடியை அவருடைய விரல் சுண்டியது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் சுண்டியது.

கொட்வின் கேளாமலே போத்தலை இழுத்துக் குவளையில் ஊற்றப் போனான். மூடி குறுக்கே விழுந்து தண்ணீர் மேசையில் சிந்தியது. “சனியன்” என்று முணுமுணுத்து மூடியை முறுக்கிப் பிய்த்தான்.

“ஆரின்ரை வீடெண்டு நினைச்சு உடைக்கிறீர்?” கமலநாயகியின் குரல் அப்போதுதான் முதல்முறை கேட்டது. “வையும் அதை.”

கொட்வின் வைத்தான்.

*

திரும்பும் வழியில் அவன் வாய் ஓயவில்லை. “அக்கா, இது விமலநாதன்ரை வேலை. மனுசியின்ரை கையெழுத்தை அவர்தான் போட்டிருக்கிறார். இல்லாட்டில் மையை ஆய்வுகூடத்துக்கு அனுப்புவம். இல்லாட்டில் பிரபாலினியின்ரை கொம்பியூட்டரிலை திகதி இருக்கும்.”

“கொம்பியூட்டர் 2023 எண்டு சொல்லும். கொப்பி 2016 எண்டு சொல்லும். என்ன பிரயோசனம்?”

“அப்ப கொப்பி உண்மையோ?”

பற்றிமா யன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினார்.

“எண்பது பக்கம். ஒரு சொல்லும் வெட்டேல்லை. கொலைக்கதை எழுதிறவளுக்கு முதல் பக்கத்திலேயே முடிவு அப்பிடித் துப்பரவாத் தெரியுமோ? ரெண்டாம் பக்கத்திலை தபால்காரன்ரை சைக்கிள் மணி உடைஞ்சு கிடக்குது. அது ஏன் எண்டு எண்பதாம் பக்கத்திலைதான் விளங்குது. முதல்தரம் எழுதேக்கை அப்பிடி வராது. திரும்பப் போய் எங்கையாவது செருகியிருக்கவேணும்.”

“பிடிச்சாச்சு!”

“இல்லை. ‘நான் திருத்தி எழுதின பிரதி’ எண்டு ஒரு சொல்லிலை தப்பிடுவா. எனக்குச் சந்தேகம்தான் கிடக்கு, சாட்சி இல்லை.” பிறகு சேர்த்தார். “பிரபாலினியும் எனக்குப் பொய் சொன்னவ.”

கொட்வின் வாயை மூடிக்கொண்டான். அபூர்வம்.

*

திங்கள் மாலை ஐந்து மணிக்குத் தேவாலய மண்டபத்தின் பின்னறையில் ஐந்து நாற்காலிகள். பிரபாலினியும் கமலநாயகியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதபடி நாற்காலிகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். நடுவில் மேசை, அதில் கொப்பியும் பிரபாலினியின் கணினிப் பிரதியும். விமலநாதன் கைப்பேசியைக் காட்டினார்.

“வட்டத்துக்கு எழுதிக்கொண்டிருக்கிறன். என்ன முடிவெண்டாலும் அப்பிடியே போடுவன்.”

“போடுங்கோ. முழுக்கப் போடுங்கோ” என்றார் பற்றிமா. “எங்கடை கந்தோரிலை ஒரு பைக்கு ரெண்டு பேர் வந்தால், பையின்ரை நிறம் என்ன எண்டு நாங்கள் கேக்கிறேல்லை. அதை ரெண்டு பேரும் பாத்திருப்பினம். உள்ளுக்கை இருக்கிற ஒரு சாமானைக் கேப்பம். இந்தக் கீறல் எப்பிடி வந்தது, இந்தத் தையல் ஆர் போட்டது எண்டு. உரிமைக்காரருக்கு அதுக்குப் பின்னாலை ஒரு நாள் ஞாபகம் இருக்கும்.”

இரண்டு தாள்களை இருவரிடமும் நீட்டினார்.

“ஆவி மூடியாலை பதில் சொல்லுது. அந்த யோசனை எங்கை, எப்பிடி வந்தது? எழுதுங்கோ.”

பிரபாலினி ஒரு வரி எழுதித் தாளைக் கவிழ்த்தாள். கமலநாயகி எழுதினார், எழுதினார். பேனை தாளைக் கிழித்துவிடும்போல அழுத்தியது. வெளியே யாரோ வெறும் போத்தல்களைக் கண்ணாடி சேகரிக்கும் தொட்டிக்குள் போடும் சத்தம் நெடுநேரம் கேட்டது.

பற்றிமா முதல் தாளை வாசித்தார். “பிரபாலினி: ‘வீட்டில் தனியே இருந்தபோது கற்பனையில் தோன்றியது.’ இதிலை ஒரு நாள் இல்லை, ஒரு இடம் இல்லை. இது பொய்.”

“அக்கா!”

“பாத்தியளோ?” என்றார் விமலநாதன். கைப்பேசியில் தட்டத் தொடங்கினார்.

“பொறுங்கோ அண்ணை. மற்றதையும் போடோணும்.” பற்றிமா இரண்டாவது தாளை எடுத்தார். “கமலநாயகி: ‘பேக்கரியில் பௌசை அறை, இடைவேளை நேரம். அவள் எல்லாருக்கும் முன்னால் என்னை ஏசிப் பேசினவள். மூன்று கிழமை நான் அவளோடு கதைக்கவில்லை. தண்ணி குடிக்கும்போது, இன்னும் கோவமோ என்று கேட்டாள். நான் வாயைத் திறக்காமல் போத்தில் மூடியை ஒருக்காச் சுண்டினேன். அவள் சிரித்தாள். பிறகு எல்லாக் கேள்விக்கும் அப்படித்தான். ஓம் என்றால் ஒருக்கா, இல்லையென்றால் இரண்டு.’”

வாசித்து முடித்துத் தாளை மெதுவாக வைத்தார்.

“இது உண்மை. இப்பிடிப் பொய் எழுத ஏலாது. நேற்று உங்கடை வீட்டிலை நான் ஒரு கேள்வி கேட்டன். நீங்கள் வாய் திறக்கேல்லை, விரல் மூடியை ரெண்டுதரம் சுண்டினது. வாசிச்ச ஒண்டைக் கை அவ்வளவு கெதியாப் பழகாது. அது உங்கடை கை, உங்கடை விளையாட்டு.”

கமலநாயகியின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. பிரபாலினியின் பக்கம் முதல்முறையாகத் திரும்பினார். “கேட்டியோடி? என்ரை எண்டு சொல்லுறா.”

“எந்த வருஷம், அம்மா?” என்று பற்றிமா கேட்டார்.

கமலநாயகியின் பார்வை மேசையிலிருந்த கொப்பிக்குப் போனது.

“அவ பொறுப்புக்கு வந்தது போன வருஷம். அதுக்கு முன்னம் உங்களை ஏசிப் பேச அவவுக்கு அதிகாரம் இல்லை. அதை விடுங்கோ. மூடியைச் சொல்லுறன். எங்கடை கந்தோருக்கு வாற பைகளிலை முக்காவாசிக்குள்ளை ஒரு தண்ணிப் போத்தில் கிடக்கும். வெறுமையாக்கி எறியிறது நாங்கள். 2016இலை மூடி தனியாக் கழண்டு வரும், குப்பைக்குள்ளை விழும், நிலத்திலை உருளும். போத்திலோட தொங்கிற மூடி பிறகு ஐரோப்பியச் சட்டத்தாலை வந்தது. 2024 ஆடியிலைதான் கட்டாயமாச்சு. கொட்வின் நேற்றுக் கூடப் பழகாமல் பிய்ச்செறிஞ்சவன். ஆனால் தினம் கையிலை படுகிற சாமான் எப்ப வந்தது எண்டு ஒருத்தருக்கும் ஞாபகம் இருக்கிறேல்லை. 2016இலை அந்த ஆவிக்கு ஆட்ட ஒரு மூடி இல்லை.”

விமலநாதனின் கட்டைவிரல் கைப்பேசியின் மேல் நின்றுவிட்டது.

“உங்கடை பிள்ளையின்ரை பழைய பள்ளிக்கூடக் கொப்பியிலை கணக்கு எழுதின தாள்களை வெட்டிப்போட்டு, அண்ணை பிழை பாக்க வைச்சிருந்த பிரதியைப் பாத்து எழுதியிருக்கிறியள். என்ன, ஒரு கிழமை எடுத்திருக்குமோ?”

“கமலி?” என்றார் விமலநாதன்.

கமலநாயகி கணவரைப் பார்க்கவில்லை. பிரபாலினியையே பார்த்தார்.

“ரெண்டு பேரும்தானே துப்புத் துலக்கிறதெண்டு கதைச்சனாங்கள்? ரெண்டு பாண்காரியள். பதினொரு வருஷம் அதைக் கதைச்சுச் சிரிச்சனாங்கள். இவரின்ரை கொம்பியூட்டரிலை வாசிக்கிறன், நான் எங்கையும் இல்லை. என்ரை இடத்திலை ஒரு செத்த வெள்ளைக்காரத் தபால்காரன் இருந்து மூடியை ஆட்டுறான். ஆவிக்கு இடம் இருக்கு, எனக்கு இல்லை.”

“இருந்தனீங்கள்,” என்றாள் பிரபாலினி. “முதல் எழுதினதிலை இருந்தனீங்கள். சண்டைக்குப் பிறகு எடுத்துப்போட்டன்.”

“மூடியை மட்டும் வைச்சுக்கொண்டு.”

பிரபாலினி மேசையிலிருந்த தன் பிரதியைத் தன் பக்கம் இழுத்தாள்.

“நீங்கள் முதல்நாள் உண்மையைச் சொல்லியிருந்தால்,” என்று பற்றிமா அவளிடம் சொன்னார், “மூடி கமலநாயகியிட்டையிருந்து, போன வருஷம் வந்தது எண்டு சொல்லியிருந்தால், கொப்பி பொய் எண்டு எங்கடை சோபாக்காரத் துப்பறிவாளனே கண்டுபிடிச்சிருப்பான். ஒரு நன்றி சொல்ல மனமில்லாமல் பஞ்சிப்பட்டு, உங்கடை சாட்சியை நீங்களே ஒளிச்சனீங்கள்.” கொட்வின் இருமினான். “பை உங்கடை. கொண்டு போங்கோ. ஆனால் அதுக்குள்ளை வேறை ஒருத்தியின்ரை சாமானும் கிடக்கு.”

விமலநாதன் நடந்ததை வட்டத்துக்கு நெடுநேரம் எழுதினார். எழுதியதை ஒருமுறை வாசித்துவிட்டு அனுப்பினார். மேசையிலிருந்த கொப்பியை எடுத்துக் கோட்டுக்குள் செருகி, யாரிடமும் சொல்லாமல் வெளியே போனார்.

பிரபாலினி தன் பிரதியைச் சேர்த்து எடுத்தாள். வாசல்வரை போய்த் திரும்பினாள்.

“கமலாக்கா. முதல் பக்கத்திலை உங்கடை பேரைப் போடட்டோ?”

கமலநாயகி தன் கைப்பையிலிருந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்தார். திறந்து ஒரு வாய் குடித்தார். மேசையில் வைத்தார். மூடி கழுத்தில் தொங்கியது. எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

விரல் ஒருமுறை சுண்டியது. மூடி ஆடி ஓய்ந்தது.

பிரபாலினியின் தோள்கள் தளர்ந்தன. மூச்சை விட்டாள்.

விரல் இரண்டாம் முறை சுண்டியது.