ஆறடிக் களை

செல்போன் அலறியது.

திரையில் இன்ஸ்பெக்டர் புவனாவின் பெயர்! சிங்காநல்லூர் இரும்புப் பவுண்டரி முதலாளி ரங்கராஜ் பதறி எடுத்தான்.

"அடுத்த வாரம் உங்க தாராபுரம் தோட்டத்துக்கு வாரேனுங்க. நீங்களும் இருங்க. ஒரு சின்ன வேலை."

வைத்துவிட்டாள்.

என்ன வேலை? என்ன எழவு வேலை அது?

தோட்டத்தை விற்கச் சம்மதிக்காத தம்பி அருள்குமாரை மண்வெட்டிக் காம்பால் அடித்துக் கொன்று, அப்போதுதான் மக்காச்சோளம் விதைத்திருந்த காட்டிலேயே புதைத்தவன் ரங்கராஜ். மேலே நாலு விதையையும் ஊன்றிவிட்டு, தம்பியைக் காணோம் என்று ஸ்டேஷனில் போய் அழுதவனும் அவனே! பலே ஆசாமி.

அன்று மாலையே காரை விரட்டிக்கொண்டு போனான். இறங்கி வரப்பில் நின்று பார்த்தான். விதைத்த கையோடு களைக்கொல்லி அடித்த காடு; எங்கும் சுத்தமாக இருந்தது. புதைத்த இடத்தில் மட்டும் சோளப்பயிருக்கு நடுவே சாரணையும் தொய்யக்கீரையுமாகக் களைகள் மண்டிக் கிடந்தன!

கையால் பிடுங்கலாம்தான். ஆனால் அந்த மண்ணைத் தொட அவனுக்குப் பயம்... பச்சைப் பயம். மோட்டார் ரூமில் எப்போதோ வாங்கி மிச்சமிருந்த களைக்கொல்லியைக் கலந்து அடித்துவிட்டு ஓடிவந்தான். ஒரு வாரம் போனது.

புவனா வந்தாள். வரப்போரம் நடந்தவள், சட்டென்று நின்றாள்.

"இதென்னுங்க கூத்து? சோளம் செத்திருக்குது, களை நல்லா நிக்குது."

குருத்தைப் பிடித்து இழுத்தாள். அடி அழுகி, கையோடு வந்தது!

ஏதோ நோய் என்று உளறினான் ரங்கராஜ். தன் வீட்டிலும் பருத்தி, சோளம் இரண்டும் போடுவதாகச் சொன்னாள் அவள், சாவகாசமாக.

"இது பருத்திக்காட்டு மருந்துங்க. புல்லு சாதியை மட்டும் கொல்லும். மக்காச்சோளமும் புல்லு சாதிதான், இந்தக் களைக அப்படியில்ல. சோளத்துக்குன்னு இருக்கற மருந்தை அடிச்சா, சோளம் உள்ளுக்குள்ளயே விஷத்தை முறிச்சுப்போட்டுத் தப்பிச்சுக்கும். களையால அது முடியாது, செத்துப்போகும்."

ரங்கராஜ் வியர்வையைத் துடைத்தான்.

"சரி, மருந்து மாறிப்போச்சு. காடெல்லாம் இல்லாத களை இங்க மட்டும் எப்படிங்க முளைச்சுது? மொதல்ல அடிச்ச மருந்து மேல்மண்ணுல நின்னு களையை முளைக்க விடாது. பொறவு யாரோ மண்ணைப் பொரட்டியிருக்கோணும்... சரியா ஒரு ஆள் நீளத்துக்கு."

ரங்கராஜ் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டான். எல்லாம் போயிற்று!

"யாருங்க மேடம் உங்களுக்குச் சொன்னது? எதுக்குங்க இங்க வந்தீங்க?"

புவனா பைலைத் திறந்தாள்.

"யாரும் சொல்லலீங்க. உங்க தம்பியைக் கண்டுபிடிக்க முடியல, கேஸை மூடிப்போடலாம்னு உங்க கையெழுத்துக்குத்தான் வந்தேன். பரவால்லீங்க... அதே கையெழுத்தைத் தோண்டறதுக்குப் போட்டுக் குடுங்க!"