கதகதப்பான கூடாரம்

புகைக்குழாயின் தகடு மூடியிருந்தது.

லவோன் வெங்காயம் அரிந்துகொண்டிருந்த கத்தியை அப்படியே வைத்துவிட்டு அடுப்பைப் பார்த்தாள். குழாயின் வெளிப்புறம் துருத்திக்கொண்டிருக்கும் சுருள்கம்பிப் பிடி குழாயோடு நேராக நின்றால் புகை போக வழி உண்டு, குறுக்கே கிடந்தால் வழி அடைபட்டிருக்கிறது என்று அர்த்தம். இப்போது குறுக்கே கிடந்தது. வெங்காயத்தைக் கையில் எடுக்கும் முன்புதான் அதை நேராக நிறுத்தியிருந்தாள்.

"மெர்ல், நீ இதத் திருகினியா?"

"எத?" கட்டிலில் தூக்கப்பைக்குள் சுருண்டிருந்த தம்பி தலையைக்கூடத் தூக்கவில்லை.

"குழாய்த் தகட்ட."

"நான் ஒண்ணுக்குப் போகவே சோம்பல்பட்டுப் படுத்திருக்கேன், நீ வேற. மூடியிருந்தா இருக்கட்டும்க்கா, விறகாவது மிச்சம்."

"முழுசா மூடினா புகை உள்ளயே தங்கி, நம்ம ரெண்டு பேரையும் பொணமா கழுதை மேல குறுக்கப் போட்டுத்தான் கீழ இறக்கணும்."

"உன்ன ஏத்தினா கழுதை செத்துரும்."

அவள் சிரிக்கவில்லை. துணியைச் சுற்றிப் பிடியை நேராக்கினாள். அடுப்பு பெருமூச்சு விட்டு மறுபடி எரியத் தொடங்கியது.

இந்தக் கூடாரத்தைத் தேர்ந்தெடுத்தது அவள்தான். மெர்ல் கேட்டது வேறு. நைலானில், கூம்பு வடிவத்தில், மடக்கினால் தலையணை அளவுக்கு வந்துவிடும் புதுக் கூடாரம். அதற்கேற்ற தகர அடுப்பும் உண்டு. முதுகில் போட்டுக்கொண்டு வேட்டைக்கு எந்த மலைமுகட்டுக்கும் போய்விடலாம், எல்க் மான் இருக்குமிடத்திலேயே படுத்து எழுந்திருக்கலாம் என்று ஒற்றைக்காலில் நின்றான். அந்தத் தகர டப்பாவில் நெருப்பு ஒரு தூக்கத்துக்குக்கூடத் தாங்காது என்று லவோன் பிடிகொடுக்கவில்லை. போன குளிர்காலம் நிமோனியாவில் படுத்தவன் பிழைத்து வந்ததே பெரிது. அவன் நெஞ்சில் இன்னமும் ஒரு விசில் சத்தம் இருந்தது. கிளம்பும்போது அவன் மனைவி ட்ரூடி வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. "அண்ணி, குளிரு மட்டும் அவர் நெஞ்சுல ஏறக் கூடாது. மானெல்லாம் எனக்கு வேணாம். அவரக் கொண்டாந்து விட்டுருங்க, போதும்."

அதனால்தான் கனத்த கான்வாஸ், கனத்த இரும்பு அடுப்பு, அவற்றைச் சுமக்க இரண்டு கோவேறு கழுதைகள். பள்ளத்தாக்கில் ஒரு பண்ணைக்காரர் தன் பழைய கூடாரத்தையும் அடுப்பையும் கொடுத்தார். கொட்டகைக்கு வெளியிலேயே நின்றுகொண்டு, அதோ அந்த மூலையில் என்று கை காட்டினாரே தவிர, கூட ஒரு கை பிடிக்க வரவில்லை. கூடாரத்தின் பக்கச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு கிழிசல். நெருக்கமாகத் தைத்திருந்தது.

"கரடியா?" என்று மெர்ல் கேட்டான்.

"உள்ளேருந்து கிழிச்சது," என்றார் அவர். வண்டி கிளம்பும்போது பின்னாலேயே நாலடி வந்தார். "குழாய்ல ஒரு கம்பி கட்டிருக்கேன், அந்தத் தகட்டத் திறந்தபடியே நிறுத்தி. அத மட்டும் அவுத்துராதீங்க."

இன்று காலை மெர்ல் அதைக் குறட்டால் வெட்டி எறிந்தான். விறகைத் தண்ணியாகக் குடிக்கிறது இந்த அடுப்பு என்று திட்டிக்கொண்டேதான் வெட்டினான். லவோனும் தடுக்கவில்லை. இந்த மலையில் கூடாரம் போடுகிற எவரும் செய்வதுதான் அது. படுக்கப் போகுமுன் தகட்டைப் பாதி சாத்தினால் தணல் விடியும்வரை நிற்கும்.

மதியம் பிடித்த பனி இன்னும் விடவில்லை. வெளியே சாயங்காலம்தான், ஆனாலும் கான்வாஸுக்கு அந்தப் பக்கம் வெளிச்சம் சாம்பலாகிவிட்டது. கூரையில் சேர்ந்த பனி கனம் தாங்காமல் சரசரவென்று வழுக்கி விழும் ஓசையும், அடுப்பில் பைன் பிசின் வெடிக்கும் ஓசையும், மெர்லின் நெஞ்சிலிருந்து வரும் விசிலும் மாறி மாறிக் கேட்டன. வார்ப்புச் சட்டியில் மானின் முதுகுக்கறித் துண்டுகளைப் போட்டாள். கொழுப்பு உருகும் வாசனையும் ஈரக் கம்பளியின் நெடியும் கலந்து வந்தன. அவற்றுக்கு அடியில் இன்னொரு வாசனையும் இருந்தது, கதவைச் சாத்தியே வைத்திருக்கும் அறையில் பலர் நெடுநேரம் தூங்கினால் வருமே, அது. அவர்கள் இரண்டு பேருக்கு அது அதிகம்.

கிரீச்.

லவோன் திரும்பினாள். பிடி நகர்ந்துகொண்டிருந்தது. தானாகத் தளர்ந்து விழுவதாக இருந்தால் சட்டென்று விழும். இது அப்படியில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று, சூடு போதுமா என்று பார்த்துப் பார்த்துத் திருகுகிற மாதிரி நகர்ந்தது. குறுக்கே வந்ததும் நின்றது.

துணியைத் தேட நேரமில்லை. வெறுங்கையால் பிடித்துத் திருகினாள். விரல் பொசுங்கியது. பிடி அசையவில்லை. மறுமுனையில் யாரோ பிடித்திருந்தார்கள். அழுத்தமில்லாமல், அடம்பிடிக்காமல், ஆனால் விடாமல்.

நெற்றிப்பொட்டில் வலி தெறித்தது. எப்போதிருந்து வலிக்கிறது? உதடு மரத்திருந்தது. லாந்தர் சுடர் தாழ்ந்துகொண்டே வந்தது.

"மெர்ல், எந்திரி. வெளிய போலாம்."

"இப்பதான்க்கா சூடு ஏறுது. சும்மா இரேன்."

"சொன்னாக் கேளுடா."

விசில் சத்தம் மட்டும் வந்தது. அதற்கு இடையிடையே வேறு மூச்சுகள். நிதானமானவை. ஒன்று அடுப்புக்கு அந்தப் பக்கம். ஒன்று அவள் கட்டிலில்.

லாந்தர் அணைந்தது.

கால் மடங்கியது. தவழ்ந்தாள். கட்டில் காலைத் தொட்டாள். தூக்கப்பையின் அடி முனை கைக்குக் கிடைத்தது. இரண்டு கையாலும் பற்றினாள். இழுத்தாள். பொத்தென்று விழுந்தது. பாறை மாதிரி கனம். அவன் முனகக்கூட இல்லை. பின்பக்கமாகவே நகர்ந்து வாசல் துணியை முதுகால் முட்டினாள். கட்டியிருந்த நாடாக்கள் அவிழ்ந்தன.

பனி முகத்தில் அறைந்தது. காற்று. அள்ளி அள்ளி விழுங்கினாள். விறகுக் குவியல்வரை இழுத்துப்போய் விட்டாள். தூக்கப்பைமேல் கவிழ்ந்து விழுந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

"வந்துட்டோம்டா. ட்ரூடிகிட்ட என்ன சொல்றதுன்னு பயந்தே செத்துட்டேன்டா. வந்துட்டோம்."

"அக்கா," என்றான் மெர்ல். "கதவச் சாத்திட்டுப் போ. குளுருது."

குரல் கூடாரத்துக்குள்ளிருந்து வந்தது.

லவோன் எழுந்திருக்கவில்லை. கையை மட்டும் பார்த்தாள். மெர்லின் தூக்கப்பை நீல நைலான். கைக்கடியில் இருந்தது முரட்டுத் துணி, பழுப்பு நிறம். ஓரத்தைப் பிடித்து விலக்கினாள். சாம்பல் வெளிச்சம் அதற்குப் போதுமானதாக இருந்தது. வெந்நீரில் குளித்து வந்தவனுடையதைப் போல இளஞ்சிவப்பான ஒரு முகம். தாடியெல்லாம் உறைபனி. அவள் வாழ்க்கையில் பார்த்திராத ஆள். சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தான்.

ஓடினாள். விழுந்தாள். ஓடினாள்.

வாசலை உள்ளேயிருந்து கட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் கண்முன்னாலேயே துணி இறுகியது. கீழே ஒரு முடிச்சு. அதற்கு மேலே ஒன்று. விரலை நுழைத்து இழுத்தாள். நகம் பிய்ந்தது. கத்தி உள்ளே வெங்காயத்தின் பக்கத்தில் கிடந்தது.

"மெர்ல்! வெளிய வாடா! மெர்ல்!"

அடுப்பின் கதவை யாரோ திறந்துவைத்திருக்க வேண்டும். கான்வாஸ் முழுவதும் செம்மஞ்சளாகச் சிவந்தது. அதில் நிழல்கள் தெரிந்தன. நாலைந்து பேர் அடுப்பைச் சுற்றித் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். கட்டிலிலிருந்து இன்னொரு நிழல் மெல்ல எழுந்தது. அந்தக் கூனலை அவளுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க," என்றான் மெர்ல். நெஞ்சில் விசில் இல்லை.

அவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். அவன் நடுவில் உட்கார்ந்து, மற்றவர்களோடு சேர்ந்து தன் இரண்டு கைகளையும் நெருப்பின் பக்கம் நீட்டினான்.