விட்ட வெள்ளை

படத்தில் கிடங்குச் சுவர் முழுவதும் சாம்பல் நிறம் பூசிய பிறகும், சுவரடியில் விரல்நகம் அளவு இடத்தில் மட்டும் நிறம் பிடிக்கவில்லை. காகிதத்தில் மெழுகு பட்டிருக்கும் என்று நினைத்து அவள் மறுபடியும் பிரஷை வைத்தாள். தண்ணீர் அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போனது.

வாட்டர்கலரில் வெள்ளை பூசுவதில்லை. வெள்ளை வேண்டிய இடத்தைக் காகிதமாகவே விட்டுவிட வேண்டும். போன கோடையில், இதே நடைபாதையில் இதே மடக்கு ஸ்டூலில் உட்கார்ந்து, எதிரே கிடங்குச் சுவரோரம் நின்ற அக்காவின் வெள்ளைச் சட்டைக்காக அப்படித்தான் ஓர் இடம் விட்டாள். அக்காவுக்கு வரைய வராது. துணைக்கு வருவாள், பின்னாலிருந்து இவள் தோளில் தாடையை வைத்துப் பார்ப்பாள், “இன்னும் முடிக்கலையா, ஆமை?” என்று வம்பிழுப்பாள்.

அன்றைக்கு இவள்தான் அனுப்பினாள். “போய் அந்தச் சுவர்கிட்ட நில்லுக்கா. முடிச்சதும் கூப்பிடுறேன்.”

“மறந்துடாதடி. உன்னை நம்பி மரம் மாதிரி நின்னுட்டிருப்பேன்.”

படம் அரை மணியில் முடிந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் நிழல் வைத்தால் எடுப்பாக இருக்குமே என்ற ஆசையில் அவள் கூப்பிடவில்லை. சுவர் அக்காவின் மேல் சரிந்தபோது பிரஷ் இவள் கையில்தான் இருந்தது. அந்தக் கொஞ்சம் நிழலை நினைத்து அவள் அழாத நாளில்லை.

சுவரைப் புதிதாகக் கட்டிவிட்டார்கள். மழைக்காலம் போய், தெருவிளக்குகள் பகலிலும் எரிகிற பனிக்காலம் வந்தது. ஈரத் தார் வாசனை போய், சருகு எரிக்கும் வாசனை வந்தது. எத்தனை காகிதம் மாற்றினாலும் படத்தில் சுவரோரம் அந்த வெள்ளை நின்றது.

கணவர் ஒரே ஒரு தடவை கேட்டார். “அங்கயே போய் எதுக்கு உக்காரணும்?”

“அக்கா இன்னும் நின்னுட்டிருக்கா.”



மரம் துளிர்த்த வாரத்தில், ஒரு மாலை, அவளால் தாங்க முடியவில்லை. மழையிலும் பனியிலும் ஒருத்தியை இத்தனை மாதம் நிற்க வைத்திருக்கிறோம் என்ற நினைப்பு அவளைத் தின்றது. எதிர்ச்சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

“முடிஞ்சிடுச்சுக்கா. வா.”

பேருந்து ஒன்று கடந்து போனது. மடியிலிருந்த படத்தில் சாம்பல் நிறம் அந்த வெள்ளைக்குள் மெல்ல இறங்கி நிரம்பியது. சுவர் முழுதானது. பாரம் இறங்கியதுபோல் இருந்தது. அழுதாள்.

பிறகு பார்த்தாள். படத்தில், சாலையின் நடுவே ஒரு வெள்ளை. சற்றுப் பெரிது.

நடைபாதை விளிம்பில் வெள்ளை. இன்னும் பெரிது.

காகிதத்தின் கீழ் ஓரத்தில்.

பிறகு எங்கும் இல்லை.

சிமெண்ட் தூசி வாசனை. முதுகுக்குப் பின்னால் செங்கல் துண்டு நெரிந்தது. அவள் திரும்பவில்லை.

“ஆ…”

சொல் அங்கேயே நின்றது. மறுபடி முயன்றது. “ஆ…”

வழக்கம்போல அவள் தோளில் தாடை வந்து அமர்ந்தது. பாதிதான் இருந்தது.