பின்தளத்துப் பீரங்கி பார்த்த திசை

பூஜ்யம் என்று இருக்க வேண்டிய இடத்தில் மூன்று என்று இருந்தது.

சங்யூன் திரையைக் கையுறையால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான். மூன்றுதான். பின்தளத்துப் பீரங்கிக்குப் போகும் மின்சாரத்தைக் காலையில் அவனே நிறுத்தியிருந்தான். அதன் சாவி அவன் கழுத்தில் தொங்கியது. கப்பலின் வால்பக்கத்தை நேராகப் பார்த்தபடி அசையாமல் நிற்க வேண்டிய அந்த நாற்பது மில்லிமீட்டர் இரட்டைக் குழாய், யாரோ தோளைத் தொட்டதற்குக் கொஞ்சம் தலையைத் திருப்பினது போல, மூன்று பாகை இடப்பக்கம் ஒதுங்கியிருந்தது.

பீரங்கிப் பிரிவுக்கு மூத்தவரான சீஃப் கி பக்கத்து நாற்காலியில் நூடுல்ஸ் கிண்ணத்தை வாயோடு வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தார். சங்யூன் திரையைக் காட்டினான்.

"கரையில அடிச்ச சோஜு இன்னும் இறங்கலையாடா உனக்கு?" என்றார் அவர், நிமிராமலே. "உப்புக்காத்து. மீட்டர் துரு புடிச்சிருக்கும். தட்டிப் பாரு."

தட்டிப் பார்த்தான். நான்கு ஆனது.

வெளியே ஜூலை மாதத்து மேற்குக் கடல், பகல் பதினோரு மணிக்கே கஞ்சி ஊற்றி மூடினது போலப் பனிமூட்டத்தில் கிடந்தது. ஜன்னல் இல்லாத அந்த அறைக்குள் திரைகளின் பச்சை வெளிச்சமும், குளிர்சாதனத்தின் ஈர வாடையும், கொரியக் கப்பல்களில் எத்தனை முறை கழுவினாலும் போகாத புளித்த முட்டைக்கோஸ் நெடியும் இருந்தன. அவற்றுக்கு அடியில், யாருமே பேச்செடுக்காத வேறொரு வாடையும் இருந்தது. பின்தளத்தில் பீரங்கியின் இரும்புக் கூண்டுக்குள்ளே மூன்று தடவை ஊற்றித் தேய்த்த பிளீச்சிங் மருந்தின் வாடை அது. தளத்தைத் தாண்டி, கதவைத் தாண்டி, ஏணியில் இறங்கி இங்கே வந்து உட்கார்ந்திருந்தது.

அந்தக் கூண்டுக்குள்தான் பதினொரு நாளைக்கு முன்னால் மா தேசிக் செத்துப்போனான்.

கூண்டு ஆளில்லாமல் ஓடுவது. சுடுவதும் திருப்புவதும் கீழே இந்த மேசையிலிருந்துதான். துடைக்கவோ எண்ணெய் போடவோ ஒருவன் உள்ளே போனால் மேசையிலிருக்கும் சாவியைப் பிடுங்கித் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். சாவி அவன் கழுத்தில் இருக்கும்வரை யாராலும் கூண்டைத் திருப்ப முடியாது. கப்பலுக்கு ஒரே ஒரு சாவி. அதுதான் விதி, அதுதான் உள்ளே போகிறவனுடைய உயிர்.

ஆனால் மேலிடத்திலிருந்து கடிகாரத்தோடு சோதனைக்கு வருவார்கள். மணி அடித்து முப்பது விநாடிக்குள் பீரங்கி தயாராக வேண்டும். சாவியைக் கழுத்தில் மாட்டினவன் ஏணியில் இறங்கி ஓடிவந்து கொடுக்கவே நாற்பது விநாடி ஆகிவிடும். அதனால் இந்தக் கப்பலில் சாவிக்கு ஒரு நகல் செய்து வைத்திருந்தார்கள். எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசமாட்டார்கள். அந்த நகலால் கப்பலுக்கு இரண்டு பாராட்டுப் பத்திரங்கள் கிடைத்திருந்தன.

அன்றைக்கு மணி அடித்தபோது தேசிக் கழுத்தில் சாவியோடு கூண்டுக்குள் குனிந்து குண்டு ஏற்றும் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். சங்யூன் நகலை மேசையில் செருகித் திருப்பினான். கூண்டு சுழன்றது. இருபத்தாறு விநாடி. அதுவரை யாரும் எட்டாத நேரம்.

தேசிக் கழுத்திலிருந்த சாவியைத் துணைக் கேப்டன் ஹா தன் கையாலேயே கழற்றிக் கழுவி மேசைக்கு மேல் கொக்கியில் மாட்டியதைச் சங்யூன் பார்த்தான். நகலைக் கடலில் எறிந்ததையும் பார்த்தான். இப்போது அவன் சட்டைப்பையில் ஒரு காகிதம் நான்காக மடித்துக் கிடந்தது. மா தேசிக் சாவியை எடுக்காமல், விதியை மீறி உள்ளே போனான் என்று அதில் அச்சடித்திருந்தது. கீழே சங்யூனின் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. இன்று மாலை கப்பல் கரை சேருவதற்குள் போட்டாக வேண்டும்.

போட்டால் தேசிக் கடமையில் செத்தவன் இல்லை, கவனக்குறைவால் செத்தவன். படைவீரர் மயானத்தில் இடமில்லை. அவன் மனைவி சேரிமுக்கு ஓய்வூதியமில்லை, கடற்படைத் தளத்துக் குடியிருப்பிலிருந்து மூன்று மாதத்தில் காலி செய்ய வேண்டும். போடாவிட்டால் அடுத்த மாதம் நிரந்தர வேலைக்கான பட்டியலில் சங்யூனின் பெயர் இருக்காது. அதோடு நிற்காது, கூண்டைத் திருப்பின கை யாருடையது என்ற கேள்வியும் வரும்.

திரையில் ஒன்பது.

பன்னிரண்டு மணிக்குக் கப்பல் வடக்கே திரும்பியபோது எண் சடசடவென்று ஏறியது. மேற்கே திரும்பியபோது இறங்கியது. முதலில் அவனுக்குப் பிடிபடவில்லை. பிறகு பிடிபட்டது. பீரங்கி நகரவில்லை. கப்பல்தான் திரும்புகிறது. கப்பல் எந்தப் பக்கம் திரும்பினாலும் குழாய் மட்டும் ஒரே திசையைப் பிடித்துக்கொண்டு நின்றது. மோட்டார் ஓடவில்லை, மோட்டாருக்கு மின்சாரமே இல்லை. இருந்தும் தலைக்கு மேலே, எஃகுத் தளத்துக்கு அந்தப் பக்கம், பற்சக்கரம் ஒவ்வொரு பல்லாக உருளும் சத்தம் மெதுவாக, பொறுமையாக, யாரோ வெறும் வாயில் எதையோ மெல்லுகிற மாதிரி கேட்டது.

சீஃப் கி கிண்ணத்தைக் கீழே வைத்தார். அவருக்கும் கேட்டிருந்தது.

சங்யூன் வரைபடத்தை விரித்தான். காலையில் கப்பல் நின்ற இடத்திலிருந்து குழாயின் திசையில் பென்சிலால் ஒரு கோடு போட்டான். இப்போது நிற்கும் இடத்திலிருந்து இன்னொரு கோடு. எதிரிப் படகைக் கண்டுபிடிக்கப் பயிற்சிப் பள்ளியில் கற்றுக்கொடுத்த வேலைதான். இரண்டு கோடுகளும் கடலைத் தாண்டி, தீவுகளைத் தாண்டி, கரையில் ஓர் இடத்தில் ஒன்றையொன்று வெட்டின. தளத்துக் குடியிருப்பு. தெற்கு வரிசை. அந்த வரிசையில் தேசிக்கின் வீட்டில் சங்யூன் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை பன்றிக்கறி சுட்டுத் தின்றிருக்கிறான். கறியைக் கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டே சேரிம், "எங்க வீட்டுக்காரரு பீரங்கியத்தான் கட்டிக்கிட்டாரு, நான் சும்மா சமைக்க வந்தவ" என்று கிண்டல் பண்ணுவாள். தேசிக் காது சிவக்கச் சிரிப்பான்.

"வீட்டுக்குப் போகணும்னு நினைக்கிறான்," என்றான் சங்யூன்.

சீஃப் கி கோடுகள் சேர்ந்த இடத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு, கூண்டைக் கழுவின மறுநாள் பின்தளத்தில் தான் நடத்தின சடங்கைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். சங்யூனும் அங்கே இருந்தவன்தான். புது இயந்திரத்துக்கும் விபத்து நடந்த இயந்திரத்துக்கும் எல்லாக் கப்பலிலும் செய்வதுதான் அது. பன்றித் தலை, பழம், அரிசிக் கள். ஆனால் துணைக் கேப்டன் வந்து, செத்தவன் பெயரைச் சொல்லக்கூடாது, விசாரணை முடியவில்லை என்று தடுத்துவிட்டார். பெயர் சொல்லாமல் யாருக்குப் படைப்பது? முழித்துவிட்டு, கள்ளை அப்படியே பீரங்கிக் குழாயில் ஊற்றிவிட்டார்கள். கோபப்படாதே, இனிமேல் உன்னை நன்றாகப் பார்த்துக்கொள்கிறோம் என்று பீரங்கியிடம்தான் சொன்னார்கள்.

"அது தேசிக் இல்லடா," என்றார் சீஃப் கி. "அவனுக்கு நாம ஒரு சொட்டுக்கூட ஊத்தல. குடிச்சது பீரங்கிதான்."

மேலே பற்சக்கரம் ஒரு பல் உருண்டது.

மூன்று மணிக்குத் துணைக் கேப்டன் ஹா இறங்கி வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, ஷேவிங் சோப்பு வாசனை. திரையைக் காட்டினார்கள். பார்த்தார், பார்க்காதவர் போல நாற்காலியில் உட்கார்ந்தார். கரைக்குப் போனதும் பட்டறையிலிருந்து ஆள் வந்து சரி செய்வார்கள் என்றார். பிறகு பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். இந்தக் கப்பலில் அறுபது பேர் இருக்கிறார்கள், அறுபது குடும்பம், செத்தவனுக்கு இனி எதுவும் வலிக்கப்போவதில்லை என்று அமைதியாக எடுத்துச் சொன்னார். கத்தியிருந்தால்கூடச் சங்யூனால் தாங்கியிருக்க முடியும்.

"அந்தப் பொண்ணுக்கு நாங்க ஏதாவது செய்வோம், சங்யூன். வசூல் பண்ணிக் குடுக்கலாம். உனக்கு யாரு செய்வா?"

சங்யூன் காகிதத்தைப் பிரித்தான். மடிப்பு வியர்வையில் நைந்திருந்தது. சாவியை எடுக்காமல் என்ற வரியின் மேல் அவன் கண் நின்றது. கழுத்துச் சங்கிலி உறுத்தியது. இல்லை சார் என்று சொல்ல வாய் திறந்தான். வாயில் வந்தது காற்றுதான்.

கையெழுத்துப் போட்டான்.

மேலே ஒரே இழுப்பில் கூண்டு சுழலும் சத்தம் கேட்டு நின்றது. திரையில் பூஜ்யம். குழாயோடு பொருத்தின கேமராவில் கப்பலின் வால்பக்கத்து நுரை, நேர்கோடாக.

"பாத்தியா," என்றார் துணைக் கேப்டன். காகிதத்தை ஊதிக் காயவைத்துக்கொண்டு ஏணி ஏறினார். "எல்லாம் அதது இடத்துக்கு வந்துடும்."

தனக்கு அழுகை வரும் என்று சங்யூன் நினைத்தான். வரவில்லை. பசித்தது. அதுதான் அவனுக்கு அருவருப்பாக இருந்தது. சீஃப் கி கொடுத்த சோற்றுருண்டையை நின்றுகொண்டே தின்றான்.

துறைமுகத்துக்குள் நுழைவதற்கு முன் வழக்கம்போல் பீரங்கித் தட்டிலிருந்த குண்டுகளையெல்லாம், முழங்கை நீளப் பித்தளைக் குண்டுகளை, ஒவ்வொன்றாக இறக்கிப் பெட்டியில் பூட்டினார்கள். சங்யூனே பூட்டினான். ஐந்து மணிக்குப் பனி விலகிவிட்டது. கப்பல் பக்கவாட்டில் மெதுவாகத் துறையை ஒட்டியது. கயிறு எறிகிற சத்தம். பூட்ஸ் சத்தம். கரையின் டீசல் வாடை. அவன் மேசைக்குத் திரும்பி எல்லா விளக்கும் அணைந்திருக்கிறதா என்று பார்த்தான்.

பூஜ்யம்.

பூஜ்யம்.

பத்து.

எண் ஓடியது. முப்பது. அறுபது. கேமராவில் நுரை வழுக்கிப்போனது, கப்பலின் விளிம்பு, கயிறு, துறையின் சிமெண்ட் ஓரம். தொண்ணூறில் நின்றது.

சேரிம்.

கறுப்பு உடையில் துறையில் தனியாக நின்றிருந்தாள். தேசிக்கின் சட்டமிட்ட படத்தை இரண்டு கையாலும் மார்போடு அணைத்திருந்தாள், கறுப்பு ரிப்பன் காற்றில் ஆடியது. திரையின் நடுவில் குறிபார்க்கும் சிலுவைக்கோடு அவள் கழுத்தில் விழுந்திருந்தது. பக்கத்தில் தூரம் காட்டும் எண். முப்பத்தெட்டு மீட்டர். காலையில் அவள் வீடு அறுபது மைல் தள்ளியிருந்தது. எட்டாத தூரம். அதற்காகத்தான் பீரங்கி பொறுமையாக இருந்தது. பீரங்கியத்தான் கட்டிக்கிட்டாரு என்று அவள் கிண்டல் பண்ணினது சங்யூனுக்கு ஞாபகம் வந்தது.

"சீஃப்," என்றான். "சீஃப், கரண்ட் இருக்கா?"

சீஃப் கி மின்சாரப் பெட்டியைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே எல்லா இணைப்பும் துண்டித்தே கிடந்தது.

மேலே குண்டு ஏறும் சத்தம். டக். பூட்டின பெட்டியிலிருந்து. டக். தட்டில் ஒன்று. டக். இன்னொன்று. மேசையில் பச்சை விளக்கு எரிந்தது. தயார்.

தளத்தில் கூச்சல். பீரங்கி கரையைப் பார்த்துத் திரும்பி நிற்பதை எல்லோரும் பார்த்துவிட்டார்கள். துறையில் உயர் அதிகாரிகளின் கார் நின்றிருந்தது. பிறகு ஒலிபெருக்கியில் துணைக் கேப்டனின் குரல் வந்தது. நிதானமான, இஸ்திரி போட்ட குரல்.

"மறைந்த தோழர் மா தேசிக்கிற்கு, அவர் பணியாற்றிய பீரங்கியின் மரியாதை. அனைவரும் வணக்கம் செலுத்துக."

கூச்சல் அடங்கியது. அறுபது பேரும் விறைப்பாக நின்று சல்யூட் வைத்தார்கள்.

சங்யூன் மேசையிலிருந்த ஒலிவாங்கியைப் பிடுங்கினான். பொத்தானை அழுத்தினான். ஓடு. ஒரு வார்த்தை போதும். ஏன் என்று அவள் கேட்பாள். ஏன் என்று எல்லோரும் கேட்பார்கள். அவன் மூச்சு மட்டும் ஒலிபெருக்கி வழியாகத் துறை முழுவதும் இரைந்தது.

சேரிம் நிமிர்ந்து பார்த்தாள். நேராக, குழாய்க்குள். அழுது அழுது வீங்கின முகம் திரை முழுவதும் நிறைந்தது. அந்த முகம் மெல்ல இளகுவதைச் சங்யூன் பார்த்தான். பதினொரு நாளில் யாரோ முதல்முறையாக அவள் புருஷனுக்கு மரியாதை செய்கிறார்கள். அவள் உதடு அசைந்தது. நன்றி.

படத்தை மார்போடு இன்னும் இறுக்கிக்கொண்டு, இடுப்பு வளைய, தலை தாழ, மெதுவாகக் குனிந்தாள்.

மேலே பற்சக்கரம் ஒரு பல் உருண்டது.

அவள் குனியக் குனியச் சிலுவைக்கோடும் கூடவே இறங்கியது, உச்சந்தலையின் வகிட்டை விட்டு ஒரு மயிரிழைகூட விலகாமல்.

அவள் நிமிரவில்லை.