கட்டில் குழாயில் வெள்ளை மாத்திரைகள்

இன்ஸ்பெக்டரம்மா வீட்டில் அழைப்புமணி அடித்தால் ஓடிப்போய்க் கதவைத் திறப்பது அவர் கணவர்தான். இருவருமே ஓய்வு பெற்றவர்கள். அவர் பள்ளியில் வாத்தியாராக இருந்தவர்; மனைவியின் துப்பறியும் வேலையில் தனக்குப் பாதிப் பங்கு உண்டென்று மனதார நம்புகிறவர். அன்று வாசலில் நின்ற பெண்ணின் கழுத்தில் அளவெடுக்கும் நாடா தொங்கியது. தையல் ஆலையிலிருந்து அதைக் கழற்றக்கூடத் தோன்றாமல் வந்திருந்தாள்.

“என் நாத்தனாரைக் காப்பாத்துங்கம்மா. பட்டாளத்துல சேர்ந்து பயிற்சியில இருக்கா. நாளைக்கு வீட்டுக்கு அனுப்பப் போறாங்க. மருந்தை முழுங்காம ஏமாத்திட்டாளாம்!”

“முதல்ல உக்காரும்மா,” என்றார் இன்ஸ்பெக்டரம்மா. “என்ன மருந்து?”

தண்ணீர் குடித்த பிறகு அந்த அண்ணி கோர்வையாகச் சொன்னாள். பயிற்சியில் ஓடி ஓடிச் சில பெண்களுக்குக் கால் எலும்பில் விரிசல் விழுகிறது. அதனால் தினமும் காலையில், கட்டிலருகே வரிசையாக நிற்க வைத்து, ஆளுக்கு ஒரு வெள்ளைக் கால்சியம் மாத்திரையும் ஒரு மஞ்சள் வைட்டமின் டி மாத்திரையும் கொடுக்கிறார்கள். நாத்தனாருக்கும் முழங்காலுக்குக் கீழே விரிசல். அது மட்டும் என்றால் ஓய்வு கொடுத்து அடுத்த அணியில் சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் படுக்கும் கூடத்துக்கு வெள்ளையடிக்க அடுக்குக் கட்டில்களைப் பிரித்தபோது, கீழே இருந்த அவள் கட்டிலைச் சாய்த்ததும் கால் குழாயிலிருந்து மாத்திரைகள் கொட்டிவிட்டன.

“அவ என்ன சொல்றா?”

“அதான் வயித்தெரிச்சல். ‘நான் போடலை’ன்னு ஒரே வார்த்தை. அதுக்கு மேல வாயே திறக்கலை. அவளைப் பட்டாளத்துக்கு அனுப்பணும்னு வீட்டுல ஒத்தையா நின்னு சண்டை போட்டவ நான். இப்படித் தலை குனிஞ்சு திரும்பி வந்தா அவ தாங்கமாட்டாம்மா.”

வாத்தியார் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

பயிற்சி முகாமின் தலைமை அதிகாரிக்கு இன்ஸ்பெக்டரம்மாவைப் பழைய வழக்கு ஒன்றில் தெரியும். மறுப்பேதும் சொல்லாமல் அண்ணி உட்பட மூவரையும் கூடத்துக்கு அழைத்துப் போனார். ஈரச் சுண்ணாம்பு வாசனை மூக்கில் ஏறியது. பிரித்த கட்டில்கள் தாழ்வாரத்தில் கிடந்தன. முகாம் டாக்டர் வந்து நின்றார். நாத்தனாரை அங்கே எல்லோரும் நெட்டை என்றுதான் கூப்பிட்டார்கள். ஊன்றுகோலோடு, சுவரைப் பார்த்தபடி நின்றாள். பக்கத்தில் அவள் தோளுக்குக்கூட எட்டாத ஒரு பெண், இடுப்பில் இரண்டு தண்ணீர்க் குப்பிகளோடு.

“இவ குருவி. மேல் கட்டில்,” என்றார் அதிகாரி. “நடைப்பயிற்சியில நெட்டைக்குக் கால் மடங்கினப்போ, இவதான் முதுகுல சுமந்து கொண்டுவந்து சேர்த்தா.”

வாத்தியார் மனைவியின் காதருகே குனிந்தார். “அந்த டாக்டர் முழியே சரியில்லை, கவனிச்சியா?”

“நேத்து ராத்திரி வேலை பார்த்தவர். தூங்கினா சரியாயிடும். நீங்க சும்மா இருங்க.”

கொட்டிய மாத்திரைகளை ஒரு கிண்ணத்தில் வைத்திருந்தார்கள். இன்ஸ்பெக்டரம்மா விரலால் கிளறிப் பார்த்தார். “எல்லாம் வெள்ளை. மஞ்சள் ஒண்ணுகூட இல்லையா, டாக்டர்?”

“இல்லை. கொட்டினதே வெள்ளை மட்டும்தான்.”

இன்ஸ்பெக்டரம்மா தலையசைத்துவிட்டு மேல் கட்டிலருகே போனார். நான்கு கால்களின் உச்சியிலும் பிளாஸ்டிக் மூடிகள் இருந்தன. மூன்று பழைய பெயிண்டில் ஒட்டிக்கொண்டு அசையவில்லை. நான்காவதைத் திருகினார், சுலபமாகச் சுழன்றது. உடனே கட்டில்களை முன்பு இருந்தபடியே ஒன்றின் மேல் ஒன்றாக மாட்டச் சொன்னார். மேல் கட்டிலின் கால் நுனிகள் கீழ்க் கட்டிலின் குழாய்க்குள் இறுக்கமாக இறங்கின.

“வாத்தியாரே, இப்போ நீங்கதான் நெட்டைன்னு வச்சுக்குங்க. இந்த மாத்திரையைக் கீழ்க் கட்டில் குழாய்க்குள்ள போடுங்க பார்ப்போம்.”

வாத்தியார் உற்சாகமாக முன்வந்தார். சுற்றி வந்தார். மண்டியிட்டார். பிறகு முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தார். “குழாயோட வாயைத்தான் மேல் கட்டில் கால் அடைச்சிருக்கே! அதைத் தூக்கினாத்தான் போட முடியும்.”

“தினமும் காலையில, எல்லாரும் பார்க்க, இவ கட்டிலைத் தூக்கியிருப்பாளா?”

இன்ஸ்பெக்டரம்மா மேலே இருந்த நான்காவது மூடியைக் கழற்றி மாத்திரையைப் போட்டார். அது இரண்டு குழாய்களையும் கடந்து கீழே டக்கென்று விழுந்தது. அண்ணி வாய்விட்டுக் கடவுளைக் கூப்பிட்டாள்.

“இன்னொண்ணு,” என்று நிதானமாகத் தொடர்ந்தார். “மருந்தே வேண்டாங்கறவ ரெண்டையும் போட்டிருப்பா. இதைப் போட்டவ மஞ்சளை முழுங்கியிருக்கா. கால்சியத்தை மட்டும் பயந்து ஒதுக்கியிருக்கா. யார் அப்படிப் பயப்படுவாங்க, டாக்டர்?”

“சிறுநீரகத்துல கல் வந்தவங்க. மறுபடி கல்லாயிடுமோன்னு நினைப்பாங்க. நாங்களும் அவங்களை நிறையத் தண்ணி குடிக்கச் சொல்லி...” டாக்டரின் பார்வை குருவியின் இடுப்பில் இருந்த குப்பிகளில் நின்றது.

“போதும் மேடம், அவளை விட்டுடுங்க!” நெட்டை முதல் முறையாகத் திரும்பினாள்.

“உனக்குத் தெரியுமா?” என்றார் அதிகாரி.

“என் தலைமாட்டுக் குழாய் மேடம். இவ மேலே ஏறிப் போர்வை மடிக்கறப்போ தினமும் சத்தம் கேக்கும்.”

“அப்போ ஏன் சொல்லலை?”

“கால் மடங்கின அன்னிக்கு எனக்குக் கண்ணை இருட்டிக்கிட்டு வந்துச்சு. வண்டி வரட்டும்னு எல்லாரும் நின்னாங்க. இவ நிக்கலை. என்னைத் தூக்கிக்கிட்டு மேட்டுல ஏறினா. இவளை நான் எப்படி மேடம் காட்டிக் குடுப்பேன்?”

குருவி முன்னால் வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது, குரல் மட்டும் உடையவில்லை. “பள்ளிக்கூடத்துல படிக்கறப்போ எனக்குக் கல் இருந்துச்சு மேடம். சொன்னா பட்டாளத்துல சேர்த்துக்கமாட்டாங்கன்னு மறைச்சேன். இவ மாட்டினப்புறம் உங்க அறை வரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டேன். பயம். யாரையாவது அனுப்பணும்னா என்னை அனுப்புங்க.”

டாக்டர் பெருமூச்சு விட்டார். “சொல்லியிருந்தா பரிசோதிச்சு, உனக்கு எது ஒத்துக்கும்னு பார்த்திருப்பேனே. எல்லாருக்கும் மாத்திரையை நீட்டின நானாவது கேட்டிருக்கணும்.” பிறகு அதிகாரியிடம், “மாத்திரை சாப்பிட்டவளுக்கும் விரிசல் வரும் மேடம். ஓட்டத்தைச் சட்டுனு கூட்டிட்டோம். அதையும் பார்க்கணும்,” என்றார்.

அதிகாரி இருவர் பக்கமும் திரும்பினார். “நெட்டை, எலும்பு சேர்ற வரைக்கும் ஓய்வு. அடுத்த அணியில சேர்ந்துக்கோ. குருவி, மறைச்சதுக்குத் தண்டனை உண்டு. டாக்டர் சரின்னு சொன்னா பயிற்சியும் உண்டு.”

அண்ணி இன்ஸ்பெக்டரம்மாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “இந்த உதவியை உயிர் உள்ளவரைக்கும் மறக்கமாட்டேம்மா,” என்றாள். பிறகு விறுவிறுவென்று குருவியிடம் போனாள். கன்னத்தில் அறை விழப்போகிறது என்று வாத்தியார் குறுக்கே பாயத் தயாரானார்.

“இவளுக்காக வீட்டுல எல்லாரும் அழுதுக்கிட்டிருக்கோம். தெரியுமா உனக்கு?”

“தெரியும்க்கா.” குருவி தலை நிமிரவில்லை.

“எங்கேயிருந்து தூக்கிக்கிட்டு வந்தே?”

“பாலத்துலேருந்து.”

வரும் வழியில் அண்ணி அந்தப் பாலத்தைப் பேருந்திலிருந்து பார்த்திருந்தாள். அதற்குப் பிறகு முழுக்க மேட்டுப் பாதை. பேருந்தே முக்கிக்கொண்டுதான் ஏறியது. அவள் குருவியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

“ரொம்ப நன்றிம்மா. லீவு விட்டா இவளோட நீயும் நம்ம வீட்டுக்கு வந்துடு.”

அப்போதுதான் குருவி அழுதாள்.