ஜெபமாலை முடியுமுன்

கேனில் மருந்து வாடையே அடிக்கவில்லை. அற்புதமேரி குனிந்து முகர்ந்தாள், பிறகு விரலை முகர்ந்தாள். விரலில் குளோரின் நெடி மூக்கைத் துளைத்தது, அத்தனை சொட்டு விட்ட தண்ணீரிலோ புதிதாகத் தோண்டிய மண்ணின் வாடை மட்டும்.

வேளாங்கண்ணிக்கு நடந்து போகும் மூக்கண்டப்பள்ளிக் கூட்டம் சானமாவுக் காட்டோரம் களைத்து உட்கார்ந்திருந்தது. வழியில் பிடிக்கும் தண்ணீரை வேட்டியில் வடிகட்டி, மருந்து விட்டு, ஒரு ஜெபமாலை சொல்லி முடித்த பிறகே குடிக்க வேண்டும் என்று வழக்கம் வைத்தவள் கம்பெனி நர்ஸ் அருள்செல்வி.

"அருள்செல்வி கை பட்டா குட்டத் தண்ணியும் எளநி மாதிரி இருக்குதுப்பா" என்று நேற்று எல்லார் முன்னாலும் சொன்னான் அற்புதமேரியின் புருஷன் யேசுராஜ். கட்டின பெண்டாட்டி இத்தனை வருஷம் வைத்த ரசத்துக்கு வாய் திறக்காத மகராசன். அற்புதமேரிக்கு வயிறு பற்றி எரிந்தது. இன்று அவன் தன் கையால்தான் குடிக்க வேண்டும்.

அதற்காகத்தான் முந்திக்கொண்டு குட்டைக்கு ஓடியிருந்தாள். குட்டை கலங்கிக் கிடந்தது. கரையில் ஒரு யானைக் காலடிக் குழியில் தேங்கியது மட்டும் பளிங்காகத் தெளிந்திருந்தது. தவளைச் சத்தம் இல்லை, இலை அசையவில்லை, முன்னும் பின்னும் வேறு காலடியும் இல்லை. மொண்டாள். கேன் நிறைந்தது. குழி குறையவில்லை. அதைப் பார்த்தும் மூடியைத் திருகிக்கொண்டு வந்தாள்.

பொழுது சாய்ந்தது. ஜெபமாலையின் ஐந்து தேவரகசியங்களில் மூன்றாவது நடக்கும்போதே யேசுராஜ் எழுந்து அருள்செல்வி பக்கம் நடந்தான். அற்புதமேரி குறுக்கே போய் நின்றாள்.

"இந்தாங்க, நம்ம தண்ணி."

"ஜெபம் முடியலயே மேரி?"

"நான் முன்னாடியே சொல்லி முடிச்சிட்டேன். குடிங்க."

பொய்தான். அவன் அண்ணாந்தான், அவள் ஊற்றினாள். மடக் மடக்கென்று தொண்டை இறங்கி ஏறியது. அருள்செல்வி பார்க்கிறாளா என்று அற்புதமேரி ஓரக்கண்ணால் கவனித்தாள். பார்த்தாள். மனசு குளிர்ந்தது.

கேன் இன்னும் கனத்தது.

"போதுங்க."

அவன் நிறுத்தவில்லை. அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். ஜில்லென்ற பிடி. உப்பிய வயிற்றில் அவன் சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்தது. இன்னொன்று.

அருள்செல்வி ஓடி வந்து அவன் முகத்தைத் திருப்பப் பார்த்தாள். தள்ளிவிட்டான்.

"எனக்கு இவ தண்ணி போதும்" என்றான். குரலோடு தண்ணீர் கொப்பளித்தது.

மூக்கில் வழிந்தது. காதில் வழிந்தது. கண்ணில். தெளிந்த தண்ணீர். கேன் சாய்ந்தபடியே இருந்தது. அற்புதமேரி கையை உருவப் பார்த்தாள். வரவில்லை. ஜெபம் நின்றுபோனது. யாரோ அலறினார்கள்.

அவன் மூச்சு நின்றுவிட்டது. மார்பு அசையவில்லை. தொண்டை மட்டும் அவள் ஊற்ற ஊற்ற விழுங்கிக்கொண்டே இருந்தது.