கோபமில்லை என்று சொல்லியிருக்கலாம்

"வளையலைக் கழட்டுங்க!"

மழையில் நனைந்து, மூச்சிரைக்க மாடியேறி வந்தவளுக்குக் கிடைத்த வரவேற்பு அதுதான். முகக்கவசத்துக்கு மேலே இரண்டு கண்கள்... தூக்கம் தொலைத்த கண்கள். ஆனாலும் ஓரத்தில் எங்கோ ஒரு சிரிப்பை ஒளித்து வைத்திருந்தன.

"ஏன், வளையல்லயும் கிருமி இருக்கா?" என்றாள் வெடுக்கென்று.

"சத்தம் இருக்கு. உள்ள இருக்கறவருக்கு அது இடி மாதிரி," என்றான் அந்த நர்ஸ்.

இருட்டாக்கிய அறையில் அக்காவின் குழந்தை நடுங்கிக்கொண்டிருந்தது. முதுகுவலிக்கென்று ஆரம்பித்த மாத்திரை அக்காவை விடாமல் பிடித்துக்கொண்டுவிட்டது. வயிற்றுப் பிள்ளைக்கும் அதே பழக்கம். பிறந்ததும் அது கிடைக்காமல் போக, பிஞ்சு உடம்பு துடித்தது... கீச்சென்று ஓயாத அழுகை. அக்காவோ தொற்றுக் காய்ச்சலோடு கீழ்த்தளத்தில். அப்பன் என்று சொல்லிக்கொள்ள வேண்டியவன் எப்போதோ கம்பி நீட்டிவிட்டான். ஒரே ஒருவருக்குத்தான் அனுமதி என்றார்கள். தையல் கடையைப் பூட்டிவிட்டு இவள் வந்தாள்.

அவன் குழந்தையைத் துணியில் இறுகச் சுற்றி அவள் மார்பில் சாய்த்தான். "மெதுவா மேலயும் கீழயும் அசைங்க... தட்டாதீங்க. நடுக்கத்துக்குக் குடுக்கற சொட்டு மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுடுவோம். ஆனா பெரிய மருந்து இந்த அணைப்புதான், சித்தி."

"யாருக்குச் சித்தி? உங்களுக்கு என்னைவிட வயசு கூடவே இருக்கும்!"

"பேரைக் கேட்டா கோவிச்சுப்பீங்களோன்னு..."

அவளுக்குப் பொங்கி வந்த சிரிப்பை முகக்கவசம் மறைத்தது. கண்கள் காட்டிக் கொடுத்துவிட்டன.

தினமும் வந்தாள். திரைக்கு வெளியே மழை கொட்டும். உள்ளே இருவரும் குசுகுசுவென்று பேசுவார்கள். குழந்தை முதல்முறையாகப் பால் முழுவதும் குடித்துத் தூங்கிய அன்று, சத்தமே இல்லாமல் இருவரும் குதித்தார்கள். ஐயோ, இந்த நர்ஸுக்காகவும்தான் வருகிறேனோ... என்று அவளுக்குப் பயம் வந்தது.

ஒருநாள் அவன் போனை நீட்டினான். "அக்கா வீடியோவுல குழந்தையைப் பார்க்கணும்னு கெஞ்சறாங்களாம். உங்ககிட்டயும் ரெண்டு வார்த்தை..."

"வேண்டாம். இந்தப் பிள்ளை படற பாடு யாரால? அவ உடம்பு தேறி வரட்டும், நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி கேக்கறேன்."

"அது வியாதிங்க. கொழுப்பு இல்ல."

"எங்க வீட்டு விஷயத்துல நீங்க மூக்கை நுழைக்காதீங்க!"

அந்தக் கண்கள் சட்டென்று வாடிப்போயின. அதன்பிறகு 'சித்தி' இல்லை, 'மேடம்'தான். மன்னிப்புக் கேட்க நாக்கு நுனி வரை வந்தது. வீம்பு விடவில்லை.

அக்காவுக்கு மூச்சுத் திணறல் அதிகமாகி, தொண்டையில் குழாய் போட்டார்கள். அதற்குப் பிறகு அவள் கண் திறக்கவேயில்லை. தூரத்தில் நிறுத்தித்தான் கடைசியாக முகத்தைக் காட்டினார்கள். அக்காவைக் கேட்க வைத்திருந்த கேள்வியெல்லாம் தங்கையையே திருப்பிக் கேட்டது.

நடுக்கம் நின்று குழந்தை வீட்டுக்குக் கிளம்பிய நாளில், அவன் வாசல் வரை வந்தான். தூறிக்கொண்டிருந்தது.

"ஒண்ணு சொல்லணும்... திட்டினாலும் பரவாயில்ல. அன்னிக்கு நீங்க போனப்புறம் இவனை உங்க அக்காவுக்குக் காட்டினேன்."

"என்ன... என்ன சொன்னா?"

"பார்த்துக்கிட்டே இருந்தாங்க. அப்புறம், 'தங்கச்சி என்மேல கோவமா இருக்காளா'ன்னு கேட்டாங்க. இல்லைன்னேன்."

"பொய் சொல்லியிருக்கீங்க."

"ஆமாங்க."

அவள் குழந்தையை இறுக அணைத்துக்கொண்டாள். "நான் சொல்லியிருக்கணும்... எனக்குக் கோவமில்ல, பயம்தான்னு. ஒரு வார்த்தை... இனிமே யார்கிட்ட போய்ச் சொல்ல?"

கார் காத்திருந்தது. கதவு வரை போனவள் திரும்பி வந்தாள்.

"உங்ககிட்டயும் ஒண்ணு சொல்லாம வெச்சிருக்கேன். அதையும் தள்ளிப்போட எனக்குத் தைரியம் இல்ல... உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. ரொம்ப."

"எனக்கும்..." அதற்குமேல் அவனால் பேச முடியவில்லை.

அக்கா இருந்திருந்தால் முதலில் அவளிடம்தான் ஓடிப்போய்ச் சொல்லியிருப்பேன் என்று நினைத்ததும், இவளாலும் முடியவில்லை.